சாட்சிக் கொலை

சாட்சிக் கொலை என்பது, குற்ற வழக்கில் தாம் கண்டதையோ கேட்டதையோ சொல்லவிருப்பவரை, அவர் சாட்சிக் கூண்டில் ஏறுமுன் கொன்றுவிடுவதாகும். இதனால் ஒரு வழக்கின் ஆதாரம் அழிவதோடு, மற்ற சாட்சிகளின் வாயும் அடைபடுகிறது.

மலாக்காச் சூழல்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டங்களில் லயத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஒருவர் வராவிட்டால், அவர் எங்கே போனார் என்பது பால் எடுத்து முடிப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். போலீஸ் நிலையம் போய் வாக்குமூலம் கொடுத்தவர் அங்கே மறைந்திருக்க முடியாது. பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சாட்சியும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆட்களும் ஒரே கோயில் திருவிழாவில் எதிர்ப்படுகிறார்கள். கொலை வழக்கு ஆயர் குரோவில் உள்ள உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும் வரை செல்லும் காலமே சாட்சிக்கு ஆபத்தான காலம்.

இறந்தவரின் வாக்குமூலம்

நேரில் வந்து சொல்லி, குறுக்கு விசாரணைக்கும் உட்பட்ட பேச்சே சாட்சியம் என்பது பொது விதி. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இதற்குச் சில விலக்குகளைத் தருகிறது. தம் மரணத்துக்குக் காரணமான நிகழ்வு பற்றி இறந்தவர் சொன்னதை 32(1)(அ) பிரிவின்படி ஏற்கலாம். புலனாய்வின்போது அவர் அளித்த வாக்குமூலத்துக்கும் அதே பிரிவின் பிந்திய உட்பிரிவு ஒன்று இடம் தருகிறது. ஆனால் குறுக்கு விசாரணையைச் சந்திக்காத சொல்லுக்கு நீதிபதிகள் முழு எடை தருவதில்லை.

முன்பு கொலை வழக்குகளில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் பூர்வாங்க விசாரணை நடந்தது. அங்கே குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சாட்சி சொன்னவர் பின்னர் இறந்தாலும், 33ஆம் பிரிவின்படி அந்தச் சாட்சியம் உயர் நீதிமன்றத்தில் பயன்பட்டது. 1995இல் பூர்வாங்க விசாரணை ஒழிக்கப்பட்டது. வழக்குகள் விரைவுபட்டாலும், சாட்சியின் சொல்லை முன்கூட்டியே பத்திரப்படுத்தும் வழி ஒன்று அடைபட்டது.

இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், இறந்த சாட்சியின் வாக்குமூலத்தோடு, அச்சத்தால் வாய் திறக்காதவரின் வாக்குமூலத்தையும் நீதிமன்றம் ஏற்க வழி செய்கிறது. சாட்சி பேசாமலிருக்க வேண்டுமென்றே அவரை அகற்றியவர், குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லை என்று முறையிட முடியாது என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் நிலை.

அறியப்பட்ட வழக்குகள்

இலங்கையில் ஜெரால்ட் பெரேரா வழக்கு பலரும் அறிந்தது. கொழும்புக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்த அவரை, வேறொருவர் என்று தவறாக எண்ணி 2002 ஜூனில் வத்தளைப் போலீசார் பிடித்துச் சித்திரவதை செய்தனர். சிறுநீரகங்கள் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தவர் உயிர் பிழைத்து, உச்ச நீதிமன்றத்தில் இழப்பீடும் பெற்றார். போலீசார் மீதான குற்ற வழக்கில் 2004 டிசம்பர் 2ஆம் தேதி நீர்கொழும்பு உயர் நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நவம்பர் 21 காலை, பேருந்தில் வைத்து அவர் சுடப்பட்டார். மூன்று நாளில் இறந்தார்.

திருகோணமலையில் 2006 ஜனவரி 2 அன்று ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்ததாக இராணுவத் தரப்பு கூறியது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், உடல்களில் துப்பாக்கிக் காயங்கள் இருந்ததைக் காட்டின. அதே மாதம் 24ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் கைதான அதிரடிப் படையினர் 13 பேரும் 2019இல் போதிய சாட்சியமின்றி விடுவிக்கப்பட்டனர்.

இந்தியாவில் சாமியார் ஆசாராம் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கின் சாட்சிகள் 2014, 2015 ஆண்டுகளில் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். தாக்குதலில் தப்பிய மகேந்தர் சாவ்லாவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

மலேசியப் பாதுகாப்பு முறை

மலேசியாவில் 2009ஆம் ஆண்டுச் சாட்சிப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 696, இதற்கென ஒரு திட்டத்தை அமைத்தது. அதில் சேர்க்கப்படுபவருக்குத் தங்குமிடம், இடமாற்றம், வாழ்க்கைச் செலவுக்கான உதவி, தேவைப்பட்டால் புதிய அடையாளமும் கிடைக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது எளிதன்று: உறவு, கோயில், பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி அனைத்தையும் விட்டுப் போக வேண்டியிருக்கும்.

தண்டனை

சாட்சியைக் கொன்றவர் மீது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவில் தனிக் கொலை வழக்கு வரும். 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை விதிக்கப்படலாம். கொலைக்கு முன் வரும் மிரட்டலே 506ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றமாகும். ஆகவே மிரட்டல் வந்த அன்றே போலீஸ் புகார் செய்து, அதன் நகலை வழக்கின் விசாரணை அதிகாரியிடம் சேர்ப்பது சாட்சிக்கு முதல் பாதுகாப்பு.