பெட்டியோரத்துப் பாஸ்பரஸ்

திருத்தங்கலில் எந்தப் பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கினாலும் உரசுகிற பக்கத்தில் ஒரு பழுப்புப் பட்டை இருக்கும். அதில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் உண்டு, பாஸ்பரஸ் கிடையாது. தலை தனி, ஓரம் தனி. உரசினால் மட்டுமே இரண்டும் சந்திக்கும். அதனால்தான் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பயமில்லாமல் நடக்கிறோம்.

இந்தச் சரக்கின் பூர்வீகம் கொஞ்சம் நாற்றமடிக்கும். 1669-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் மூத்திரத்திலிருந்து பொன் எடுக்கப் பார்த்தார். பானை பானையாகச் சேர்த்துக் காய்ச்சி வற்றவைத்தார். பொன் வரவில்லை. இருட்டில் தானாக ஒளிரும் மெழுகு போன்ற ஒன்று வந்தது. யார் யாருடைய சிறுநீரகமோ வேண்டாமென்று தள்ளிய பொருள் அது. எலும்பிலும் அதே பொருள் உண்டு என்று ஸ்வீடன் வேதியியலாளர்கள் கண்டுபிடிக்க இன்னும் நூறாண்டு ஆனது.

அடுத்து அது தீக்குச்சிக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டுக் குச்சிகளின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்ததில் இந்த நோயின் கசப்பும் கலந்திருந்தது. வியன்னாவில் ஆன்டன் ஷ்ரோட்டர் 1845-லேயே சாதுவான சிவப்புப் பாஸ்பரஸைச் செய்து காட்டியிருந்தார். ஸ்வீடன்காரர்கள் அதைப் பெட்டியின் ஓரத்துக்கு மாற்றினார்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்தியா 1913-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று, மறு ஆண்டு சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் தொடங்கியபோது, தாடையைத் தின்ற அந்த வெள்ளைக்குச் சட்டப்படி இங்கே இடமில்லை.

பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். சோற்றோடும் பாலோடும் கருவாட்டோடும் நமக்குள் போவது பாஸ்பேட் என்ற வேறு வடிவம். தனிமம் ஒன்று, குணம் வேறு. ஒருவர் உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். இரத்தத்தில் ஓடுவது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு அளவு உண்டு. மிஞ்சியதைச் சிறுநீரகம் நாள்தோறும் வெளியே தள்ளுகிறது.

அதற்குச் சொல்லி அனுப்புவது பாராதைராய்டு. கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், பருப்பளவில் நான்கு சுரப்பிகள். இவற்றை மனித உடம்பில் கண்டு 1880-ல் எழுதியவர் உப்சாலா மருத்துவ மாணவர் இவார் சாண்ட்ஸ்ட்ரோம். அவருக்கு முன்னாலேயே லண்டன் மிருகக்காட்சிசாலையில் செத்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்த ரிச்சர்ட் ஓவன் அதில் இந்தச் சுரப்பியைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது இந்தச் சுரப்பியின் வேலை. அதன் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். பாஸ்பேட்டை வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்தை முடுக்கும்.

சிறுநீரகம் பழுதானால்? எடுவார்டோ ஸ்லடபோல்ஸ்கியும் நீல் பிரிக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1971-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. நாய்களுக்குச் சிறுநீரகத் திறனைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வழக்கமான அளவு பாஸ்பரஸ் தின்ற நாய்களுக்குப் பாராதைராய்டு ஹார்மோன் ஏறிக்கொண்டே போனது. உணவில் பாஸ்பரஸை நன்றாகக் குறைத்த நாய்களுக்கு அப்படி ஏறவில்லை. தேங்கும் பாஸ்பேட் கால்சியத்தை இறக்குகிறது, சுரப்பி கூடுதலாகச் சுரக்கிறது, சிறுநீரகத்தால் அந்தச் சொல்லைக் கேட்க முடிவதில்லை. எலும்பு கேட்கிறது, கரைகிறது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை அடகு வைக்கிற கணக்கு என்பதுதான் 1972-ல் பிரிக்கர் எழுதியதன் சாரம். பாஸ்பேட்டை வெளியேற்ற உடம்பு அடகு வைப்பது எலும்பை. சிறுநீரகம் செயலூட்டித் தரும் வைட்டமின் டி குறைவதும் இதில் சேர்கிறது என்று பிறகு தெளிவானது. பாஸ்பேட்டும் கால்சியமும் இரத்தத்தில் மிஞ்சிச் சேர்ந்தால் இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பாகப் படியும். தீப்பெட்டிக்கு இருக்கிற அதே விதி: சந்திக்கக் கூடாத இடத்தில் சந்திக்கக் கூடாது.

காப்பீட்டு அட்டையோடு வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் பஸ் ஏறுகிறவரிடம் இந்தக் கணக்கு தினமும் பேசுகிறது. ஒரு தடவை டயாலிசிஸ் எடுக்கும் பாஸ்பரஸ் பெரும்பாலும் ஒரு கிராமுக்குள். வாரத்துக்கு மூன்று கிராமுக்குள். சாதாரணச் சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது வாரம் சுமார் நான்கு கிராம். மிச்சம் உடம்பில் தங்கும். அதனால்தான் கோலாவையும் பாக்கெட் பலகாரத்தையும் முதலில் நிறுத்தச் சொல்கிறார்கள். அவற்றில் சேர்க்கிற பாஸ்பேட்டைக் குடல் கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சிவிடும். பருப்பிலும் தானியத்திலும் இருப்பது பாதியளவு, அல்லது அதற்கும் குறைவாகவே உள்ளே ஏறும்.

இன்னொரு வழி, பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும் மாத்திரை. சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும். கை கழுவிவிட்டுப் போட்டால் பயனில்லை. வயிற்றில் சோறு இருக்கும்போதே அது பாஸ்பேட்டைக் கட்டிப்போட்டு மலத்தோடு அனுப்பிவிடும். பிராண்டுக்குப் பானையில் கிடைத்தது மூத்திரத்தில் போக வேண்டிய சரக்கு. டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு அது வேறு வழியாகப் போகிறது. போனால் சரி.