தேயிலைப் பெட்டிக்குள் எட்டுக் குட்டிகள்

1983 டிசம்பர். கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால், கோழிக்கூட்டை ஒட்டி ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த பளபளப்புத் தாளை உரித்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு வாசல் அறுத்து, அப்பா அதை முயல் வீடாக்கியிருந்தார். ஒரு நாள் காலையில் எட்டிப் பார்த்தேன். வெள்ளை மயிர்ப் பொதி ஒன்று மெல்ல ஏறி இறங்கியது. பெட்டை முயல் தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கிப் போட்டு மூடியிருந்தது. விலக்கினால் எட்டுக் குட்டிகள். மயிரில்லாத சிவந்த தோல், ஒட்டிய காது, மூடிய கண்.

எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்துத் தோட்டத்து பங்களாவில் தோட்டவேலை பார்த்த அப்பாவின் சிநேகிதர் கொடுத்த ஜோடி அது. தாய் முயல் குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுமூலையில் புல் மென்றுகொண்டிருந்தது. பகல் முழுக்கக் காத்திருந்தேன். ஒரு தடவைகூடப் பால் கொடுக்கவில்லை. சாயங்காலம் மாட்டுப்பாலில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து, பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் எடுத்து, குட்டிகளை மல்லாத்திப் பிடித்து வாயில் விட்டேன். ஒன்றுக்கு மூக்கு வழியாகப் பால் நுரைத்து வந்தது. நான்கு நாளில் எட்டும் போய்விட்டன. அவை பட்டினியால் சாகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த மலைக்கு வீட்டு முயல் வந்தேறி. எங்களைப் போலத்தான். இங்கே காலங்காலமாக இருந்தது கழுத்தின் பின்புறம் கறுத்த காட்டுமுயல். திருக்குறளின் 772ஆம் குறளில் அம்புக்குத் தப்பாத முயலும் அந்த இனம்தான். அது வளை தோண்டாது. அதன் குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அது மண்ணுக்குள் வளை தோண்டிக் குட்டி போடும் சாதி. குட்டி குருடாக, அம்மணமாகப் பிறக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் நேர்ந்த சாவுகள் கொஞ்சமல்ல. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் செடிக்கடியில் தனியாகக் கிடக்கும் காட்டுக்குட்டியை அநாதை என்று நினைத்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அது அநாதை அல்ல. தாய் இருட்டியதும் வந்திருக்கும். எடுத்து வந்தவர்களிடம், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கச் சொல்வேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

குன்னூரில் வீட்டு முயலுக்கு முதலில் கிடைத்தது செல்லப் பிராணியின் வாழ்வு அல்ல. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கிற பாஸ்டர் நிலையம் 1907இல் திறந்தது. 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்ட வெறிநாய்க்கடி மருந்து, முயலின் முதுகுத்தண்டை உலரவைத்து எடுத்தது. வெறிநாய்க்கடிக் கிருமியை முயலிலிருந்து முயலுக்கு மாற்றிக்கொண்டே போனால்தான் அதன் வேகம் ஒரே அளவில் நிற்கும். ஆகவே அந்தக் காலத்தில் முயல் இல்லாமல் எந்தப் பாஸ்டர் நிலையமும் நடக்காது. பிறகு ஆட்டு மூளையில் மருந்து செய்தார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று ஊரெல்லாம் நடுங்கியது அதற்குத்தான். 2004இன் முடிவோடு இந்தியாவில் அந்த மருந்தைத் தயாரிப்பதே நின்றது. நாய் கடித்துப் பிழைத்த எத்தனையோ பேருக்குப் பின்னால் பெயரில்லாத முயல்கள் இருக்கின்றன. குன்னூர் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தை நான் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

நாங்கள் வந்த கதை வேறு. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தது. திரும்பி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பிறகு டான்டீ ஆனது. நுவரெலியாவில் பிறந்த நான் 1975இல் தலைமன்னார் கப்பலில் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, இங்கே வந்து சேர்ந்தேன். அம்மா அங்கே பிள்ளைமடுவம் எனும் காப்பகத்தில் ஆயா. இங்கேயும் அதே வேலை கிடைத்தது. ஐம்பது பெண்களாவது வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்போது சொன்னது. கொழுந்தெடுக்கும் தாய்மார் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலைக்கு நடுவே ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்புவார்கள். ஓடி வந்த மூச்சு அடங்குமுன்னே பிள்ளைக்குக் கொடுக்காதே, கொஞ்சம் உட்காரு என்று அம்மா அதட்டுவது எனக்குக் காதில் இருக்கிறது.

அடுத்த ஈற்றுக்கு அம்மா என்னைப் பெட்டிப் பக்கம் விடவில்லை. விடிகாலையில் கையில் அரிக்கேன் விளக்கோடு தானே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் என்னை எழுப்பினாள். "வாடி புள்ள, சத்தம் போடாம பாரு." பெட்டை பெட்டிக்குள் குதித்தது. குட்டிகளுக்கு மேலே நின்றது. பொதிக்குள் ஒரே பரபரப்பு. மூன்று நிமிஷம்கூட இருக்காது; வெளியே குதித்துப் புல்லைக் கடிக்கப் போய்விட்டது. அவ்வளவுதான். "இதுவும் கொழுந்தெடுக்குறவதான் புள்ள" என்றாள் அம்மா. "பாலக் குடுத்துட்டு வேலைக்கு ஓடுறா."

நாளுக்கு ஒரே முறை பால் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1965இலேயே நிறுவி எழுதியிருக்கிறார்கள் என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். வீட்டு முயலின் பூர்வீகக் காட்டில் தாய் முயல் வளை வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போகும். அடிக்கடி வந்தால் வாசனை பிடித்து நரியோ கீரியோ பின்னால் வரும். அதனால் பாலே அதற்குத் தக்கபடி அமைந்தது. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு பங்கு என்றால் முயல் பாலில் பன்னிரண்டுக்கு மேல். நான் தண்ணீர் கலந்து ஊட்டியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

1996இல் ஊட்டிக்கு அப்பால் சாண்டிநல்லா ஆட்டின ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ஜோடி சோவியத் சின்சில்லா முயல் வாங்கினேன். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் அந்த நிலையத்தில் ஆடுகளோடு நியூசிலாந்து வெள்ளையும் வெள்ளை ஜயன்ட்டும் இருந்தன. இந்த வெளிநாட்டு இனங்கள் 1970களின் கடைசியில் இறைச்சிக்கும் ரோமத்துக்கும் என்று இந்தியாவுக்குள் வந்தவை. மலைக்குளிர் அவற்றுக்கு ஒத்துக்கொண்டது, வெயில்தான் ஆகாது. அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கூண்டு கூண்டாக அழைத்துப்போய்க் காட்டினார். சினை முப்பது முப்பத்திரண்டு நாள். அதற்கு மூன்று நாலு நாள் முன்னதாகவே பெட்டியில் காய்ந்த புல்லைப் போட்டு வைக்க வேண்டும். குட்டி பிறந்த முதல் வாரம் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. பொதியிலிருந்து ஒன்று விலகிப் போனால் உறைபனி விழும் இரவில் விடிவதற்குள் விறைத்துவிடும். கூட்டத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

"பால் குடிச்சுதான்னு எப்படிண்ணே தெரியும்?" என்றேன்.

"வயித்தத் தொட்டுப் பாரும்மா. குடிச்சது பந்து மாதிரி இருக்கும். குடிக்காதது சுருங்கிக் கிடக்கும். தாயப் பிடிச்சு மேல நிறுத்தி, அத மட்டும் காம்புல விடு. தாய்க்குப் பால் இல்லேன்னா அதே வயசுக் குட்டி உள்ள இன்னொரு தாய்கிட்ட சேத்துடு."

மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று எங்கள் லயத்தில் ஒரு பேச்சு உண்டு. பழகிய வீட்டு முயல் அப்படிச் செய்வதில்லை. கூட்டு மயிரால் கையைத் தேய்த்துக்கொண்டு தொட்டால் போதும்.

வேறு வழியே இல்லாமல் கையால் ஊட்டியதும் உண்டு. ஆட்டுப்பால், வெதுவெதுப்பாக. முதல் வாரம் வேளைக்கு இரண்டு, இரண்டரை மில்லி, நாளைக்கு இரண்டே வேளை. குட்டியை நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டோரம் சொட்டுச் சொட்டாக; மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும். ஊட்டி முடிந்ததும் ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவினால்தான் மூத்திரம் போகும். அது தாய் நக்கிச் செய்கிற வேலை. அத்தனையும் செய்து நான் காப்பாற்றியவை பாதிக்கும் குறைவு. பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரம் கூட்டைவிட்டு வந்து தாயின் புல்லைக் கொறிக்கும். அப்போதுதான் அதன் வயிறு புல்லுக்குப் பழகத் தொடங்குகிறது. ஐந்தாறு வாரம் தாயோடு இருந்தே ஆக வேண்டும்.

கேரட், முட்டைக்கோஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை எங்கள் கோத்தகிரிப் பக்கத்துக் கன்னேரிமுக்கில் வந்து தங்கினார். பிறகு ஊட்டியில் உருளைக்கிழங்கும் இங்கிலீஷ் காய்கறியும் போட்டார். அதிலிருந்து இந்த மலை காய்கறி மலை. முயல் என்றால் கையில் கேரட் என்று எங்கள் பிள்ளைகளும் படம் போடுகிறார்கள். கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலையை மூட்டையாக அள்ளிவந்து முயலுக்குக் கொட்டுவோம். 1928இல் பால்டிமோர் நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் முட்டைக்கோஸ் மட்டுமே தின்ற முயல்களுக்குக் கழுத்தில் கழலை வந்ததைக் கண்டுபிடித்தார்கள். பெரிய முயலுக்கே அந்தக் கதி. பால் மறக்காத குட்டிக்குக் கேரட்டும் கோஸும் கழிச்சலைத்தான் கொண்டுவரும். எங்கள் லயத்தைச் சுற்றிக் கேட்பாரில்லாமல் மண்டிக்கிடந்த கிக்குயுப் புல்தான் முயலுக்குச் சோறு. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே.

மே மாதச் சீசனில் சாலையோரம் கூடையில் வைத்து விற்கிற குட்டிகளைப் பார்க்கும்போது எனக்குத் தாங்குவதில்லை. மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. உள்ளங்கையில் அடங்குவதால்தான் வாங்குகிறார்கள். மலை இறங்கும் வண்டியில் பிஸ்கட் கொடுப்பார்கள். சமவெளி வெயிலில் வயிறு போய்ச் செத்துவிடும். ஆறு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கவே கூடாது. விற்கிறவர்களிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் கேட்டார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுச் சிறுமி ஓடிவந்தாள். அவள் முயல் ஏழு குட்டி போட்டிருக்கிறதாம், தாய் பாலே கொடுக்கவில்லையாம். கையில் ஒரு டம்ளர் பால். டம்ளரை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு அவளோடு போனேன். மயிரை விலக்கி, அவள் விரலைப் பிடித்து ஒவ்வொரு வயிறாகத் தொடவைத்தேன். ஏழும் பந்து போல இருந்தன.

"எப்ப குடிச்சுது பாட்டி?" என்றாள்.

விடிகாலை நாலரைக்கு எழுப்பிவிடுகிறேன், சத்தம் போடாமல் வா என்றேன்.