பாடநூலும் பொதுவுரிமையும்: ஈழத்துத் தமிழ்க் கல்வி வரலாற்றின் பின்னணியில் ஒரு நோக்கு

கல்வி வரலாறு எழுதுவோர் கல்லூரிகளையும் சட்டங்களையும் ஆராயுமளவுக்குப் பாடநூலின் உடைமை பற்றி ஆராய்வதில்லை. ஒரு நூலை எழுதியவர் யார் என்ற வினா வழக்கமாக எழுவது. அது யாருக்குரியது என்ற வினா அருமையாகவே எழுகின்றது. இவ்வினாவை ஈழத்துத் தமிழ்க் கல்வி வரலாற்றில் வைத்து நோக்குவதும், உயர்கல்விப் பாடநூல்களை எழுதுவோர் அவற்றை விலையின்றியும் திறந்த உரிமத்தின் கீழும் வெளியிடுதல் வேண்டும் என்பதை வலியுறுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தமிழில் நவீன உயர்கல்விப் பாடநூல் என்றவுடன் மானிப்பாயே நினைவுக்கு வருகின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கு தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். அதன் பொருட்டு அவரும் அவருடைய மாணாக்கரும் ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்களை மொழிபெயர்த்தும் தொகுத்தும் வெளியிட்டனர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் இப்பணியைக் கைவிடவில்லை. சமயம் பரப்பும் நோக்கம் இம்முயற்சியோடு பிணைந்திருந்தமை மறைக்கத்தக்கதன்று. எனினும் இந்நூல்கள் வணிகத்தின் பொருட்டன்றிக் கற்பித்தலின் தேவையினால் எழுந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது. தமிழ்வழி மருத்துவக் கல்வி நின்றபோது இவற்றைத் திருத்தி வளர்ப்போரும் இல்லாதொழிந்தனர். தொடர்ந்து திருத்தப்படாத பாடநூல் காலப்போக்கில் தொல்பொருளாகிவிடும் என்பதே இவ்வரலாறு தரும் முதற் படிப்பினையாகும்.

இரண்டாவது கட்டம் இலவசக் கல்வியோடு தொடங்குகின்றது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், பாடசாலை முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கியது. 1960 அளவில் சுயமொழிவழி கற்ற மாணவர் பேராதனைக் கலைப்பீடத்துள் புகுந்தனர். அரசகரும மொழித் திணைக்களமும் பின்னர் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் கலைச்சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்புப் பாடநூல்களையும் வெளியிட்டன. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. புங்குடுதீவு மடத்துவெளி போன்ற தீவகக் கிராமங்களின் பிள்ளைகள் தாம்போதியைக் கடந்து வேலணை வழியாக யாழ்ப்பாணம் சென்று உயர்கல்வி பெறும் வாய்ப்பு இவ்வாறே விரிவடைந்தது.

ஆயினும் கட்டணம் ஒழிந்ததே தவிர, நூல் பற்றிய தடை ஒழியவில்லை. நூல்கள் குறைந்த படிகளில் அச்சாகின. தீர்ந்தபின் மறுபதிப்புக் காண்பது அரிதாயிற்று. நகரத்து மாணவனுக்கு நூலகம் இருந்தது. கடைசிப் பேருந்தைத் தவறவிட முடியாத தீவக மாணவனுக்கோ அந்நூலகத்தில் அமர்ந்து படிக்கும் நேரமும் அளவோடுதான் கிடைத்தது.

அந்நூலகமும் நிலைக்கவில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1991இல் புங்குடுதீவு மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது வீடுகளிலிருந்த நூல்களும் கைவிடப்பட்டன. ஒரிடத்தில் ஒரு படியாக இருப்பது ஒரே நாளில் இல்லாமற் போகலாம் என்பதை நம்மைப் போல் அனுபவித்தறிந்தோர் சிலரே. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகத் திட்டம் இவ்வனுபவத்தின் எதிர்வினை எனலாம். தமிழ்நூல்களை மின்வடிவில் வழங்க 1998இல் தோன்றிய மதுரைத் திட்டமும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் அவசியம். விலையின்றிக் கிடைத்தல் வேறு. உரிமம் திறந்திருத்தல் வேறு. இலங்கை அரசு 1980 முதல் பாடசாலை மாணவர்க்கு நூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. ஆனால் அவற்றைத் திருத்தவோ, வேறொருவர் தழுவி எழுதவோ அதனால் உரிமை உண்டாவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். 1982இல் மறைந்த பேராசிரியர் க. கைலாசபதியின் நூல்கள் 2052 வரை இவ்வேலிக்குள் இருக்கும். பாடநூலொன்றின் பயன்பாட்டுக் காலம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்படுதல் அரிது என்பதை நோக்கின், இக்கால எல்லையின் பொருத்தமின்மை புலனாகும்.

பாரதியின் நூலுரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்குரியதாக்கியமை தமிழர் அறிந்த முன்னுதாரணம். அது அரசு செய்தது. ஆசிரியர் மறைந்தபின் நிகழ்ந்தது. இன்றோ ஆசிரியர் தாமே, தம் வாழ்நாளிலேயே அதைச் செய்யலாம். 2002இல் வெளியான கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமங்கள் இதற்கு வழிவகுத்தன. ஆசிரியர் பெயரைக் குறிப்பிடுக, திருத்தியதையும் இதே நிபந்தனையில் வழங்குக, வணிகத்துக்குப் பயன்படுத்தற்க என்றவாறு வேண்டிய நிபந்தனைகளை அவரே விதிக்கலாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஓப்பன்ஸ்ராக்ஸ் என்னும் பெயரில் கல்லூரிப் பாடநூல்களை இம்முறையில் வெளியிட்டு வருகின்றது. திறந்த கல்வி வளங்கள் பற்றிய யுனெஸ்கோவின் பரிந்துரை 2019இல் நிறைவேறியது.

இதற்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. ஆசிரியரின் வருவாய் கெடும் என்பது ஒன்று. எழுத்தையே நம்பி வாழும் படைப்பாளி விடயத்தில் இது புறக்கணிக்கத்தக்கதன்று. அவரிடம் நாம் இதனைக் கோரவில்லை. ஆனால் பொதுப் பணத்தில் வேதனம் பெறும் விரிவுரையாளரின் நிலை வேறு. தமிழில் பாடநூல் எழுதுவோர் பலர் தம் செலவில் அச்சிட்டுத் தாமே விற்க வேண்டிய நிலையில் உள்ளனர். மாணவரோ ஒளிப்பிரதி எடுத்தே படிக்கின்றனர். காக்கப்படும் வருவாய் சிறிது. மறைக்கப்படும் அறிவு பெரிது. மேலும், மின்வடிவம் இலவசமாயிருப்பினும் அச்சுப் படியை விற்கத் தடையில்லை.

பிறர் கைபட்டு நூல் சிதையும் என்பது மற்றையது. மூலப்படி ஆசிரியர் பெயரில் நிலைத்திருக்கத் திருத்திய படி திருத்தியோர் பெயரைத் தாங்கும். மாற்றம் செய்தமையைக் குறிப்பிடுதலும் உரிமத்தின் நிபந்தனையே. நமது உரையாசிரியர் மரபில், மூலத்தின் மீது பல உரைகள் எழுந்து ஒன்றையொன்று மறுத்தும் வளர்ந்தமையை நாம் சிதைவு என்று கொள்வதில்லை.

எனினும் ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. பதவியுயர்வின்போது திறந்த பாடநூலுக்குப் பல்கலைக்கழகங்கள் உரிய மதிப்பளித்தல் வேண்டும். துறைகள் கூட்டாக நூலெழுதி ஆண்டுதோறும் திருத்துதல் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் தம் வெளியீடுகளிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.

நம்மிற் பலர் இலவசக் கல்வியினால் ஆளானவர்கள். நம் படிப்புக்கான செலவை, பல்கலைக்கழக வாயிலையே காணாத உழவரும் கடற்றொழிலாளரும் வரியாகச் செலுத்தினர். அவர் பணத்தில் பெற்ற அறிவை நூலாக்கி, அவர் பிள்ளைகளுக்கே எட்டாத விலையில் வைத்தல் முறையாகாது. மடத்துவெளியில் இருக்கும் மாணவிக்கும் பேராதனையில் இருக்கும் மாணவிக்கும் ஒரே நூல் ஒரே நாளில் கிடைக்குமாயின், 1945இல் தொடங்கிய பணியில் எஞ்சியிருந்த ஒரு பகுதி நிறைவெய்தும். அதனைச் செய்ய வல்லவர் நூலை எழுதுபவரே.