மன்னார் வளைகுடாவில் கடல்நீரை அளந்த வரலாறு

கடல்நீர் இயல்பில் காரமானது. தொழிற்புரட்சிக்கு முன் மேற்பரப்பு நீரின் பி.எச். உலகச் சராசரியாக 8.2, இன்று ஏறக்குறைய 8.1. இந்த 0.1 சரிவு அற்பமாகத் தோன்றலாம். பி.எச். மடக்கை அளவு என்பதால், நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் பெருகிவிட்டன என்பதே இதன் பொருள். மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு கடலில் கரைந்து, பி.எச். அளவை இறக்கி, நீரிலுள்ள கார்பனேட்டைக் குறைக்கிறது; இதையே கடல் அமிலமாதல் என்கிறார்கள். பவளமும் முத்துச்சிப்பியும் சங்கும் தம் கூட்டையும் ஓட்டையும் கட்டுவது அந்தக் கார்பனேட்டைக் கொண்டுதான். மூன்றுக்கும் பேர்போன மன்னார் வளைகுடாவில் இந்த மாற்றத்தை அளப்பது அதனால் முக்கியமாகிறது.

இங்கு நீரை முறையாகச் சோதிக்கத் தொடங்கியது மீனுக்காக. 1947-இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் மண்டபம் கேம்புக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் அது. மண்டபத்தை ஒட்டிய மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா நீர் பற்றி ஆர். ஜெயராமன் 1954-இல் வெளியிட்ட ஆய்வு உப்பளவு, கரைந்த ஆக்சிஜன், ஊட்டச்சத்துகள் ஆகியவற்றைப் பருவந்தோறும் பதிந்தது. மீன்பாடு எப்போது கூடும், எப்போது குறையும் என்பதே அன்றைய கேள்வி.

பவளத்தைப் பற்றிய அறிவு தனியே வளர்ந்தது. ஆய்வாளர் சி.எஸ். கோபிநாத பிள்ளை இப்பகுதிப் பவளங்களை இனம் பிரித்தார்; 1969-இல் பவளப்பாறைகளுக்கான சர்வதேசக் கருத்தரங்கு மண்டபத்திலேயே கூடியது. அதே காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் பவளக்கல் டன் கணக்கில் வெட்டப்பட்டுச் சுண்ணாம்புக் காளவாசல்களுக்கும் ஆலைகளுக்கும் போனது. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியதற்கு இதுவே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986-இல் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த கடப்பாரையை நிறுத்தவே இத்தனை காலம் பிடித்தது.

பி.எச். அளவீடு இந்தியக் கரையெங்கும் வழக்கமானது 1990-களின் தொடக்கத்தில், மத்திய அரசின் கடலோர மாசுக் கண்காணிப்புத் திட்டத்தால்தான். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இன்று அப்பணியைத் தொடர்கிறது. ஆனால் அத்திட்டம் தேடியது கழிவுநீரையும் ஆலைக்கழிவையும். கண்ணாடி மின்முனைக் கருவி அதற்குப் போதும், அமிலமாதலுக்குப் போதாது. திறந்த கடலில் பி.எச். பத்தாண்டுக்கு 0.02 அளவில்தான் இறங்குகிறது. வழக்கமான கருவியின் பிழையே அவ்வளவு இருக்கும். நன்னீர்க் கரைசலில் சரிபார்த்த கருவியை உப்புநீரில் இறக்கினால் பிழை இன்னும் கூடும்.

ஆகவே அமிலமாதலை அளக்கும் முறை வேறு. காற்றுக்குமிழி புகாமல் கண்ணாடிக் குப்பியில் நீரை நிரப்பி, நுண்ணுயிர்கள் மேலும் வாயு விடாதிருக்கச் சிறிது மெர்க்குரிக் குளோரைடு சேர்த்து மூடுகிறார்கள். ஆய்வகத்தில் மெட்டா கிரசால் பர்ப்பிள் என்னும் சாயத்தைக் கலந்தால் நீரின் காரத்துக்கேற்ப நிறம் மாறும். சின்னாளப்பட்டியில் சுங்குடிக்குச் சாயம் ஏற்றுபவர் கண்ணால் பதம் பார்ப்பதை, இங்கே நிறமாலைமானி மூன்றாம் தசம இடம்வரை எண்ணாகச் சொல்கிறது. இதோடு மொத்தக் காரத்தன்மையையோ கரைந்த கனிமக் கார்பனையோ சேர்த்து அளந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

கரையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் பாசியும் கடற்புல்லும் ஒளிச்சேர்க்கையில் வாயுவை இழுப்பதால் பி.எச். ஏறும், இரவில் எல்லா உயிரும் மூச்சுவிட, இறங்கும். பவளத்திட்டில் ஒரே நாளின் ஏற்றஇறக்கம் ஒரு நூற்றாண்டுச் சரிவைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். வடகிழக்குப் பருவமழையின் நன்னீர் அதன்மேல் இன்னொரு அலைவைச் சேர்க்கிறது. பகலில் படகேறி மாதம் ஒருமுறை எடுத்த பழைய மாதிரிகளிலிருந்து மெல்லிய போக்கைப் பிரித்தெடுப்பது இதனால் கடினம்.

1998, 2010, 2016 ஆண்டுகளில் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தபோது காரணம் சூடேறிய நீர்; அதைக் காட்ட வெப்பமானி போதுமானதாக இருந்தது. அமிலமாதலைக் காட்டவோ துல்லியமான பி.எச். அளவீடு வேண்டும். 2015-இல் ஐ.நா. வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 14.3 என்ற பிரிவு, அமிலமாதலைக் குறைப்பதைத் தனி இலக்காக்கி, குறித்த நிலையங்களில் எடுத்த சராசரி பி.எச். அளவை அதற்கான குறியீடாக வைத்தது.