கல்விக்கடனும் ஏழாம் ஆண்டும்: அமெரிக்கத் திருச்சபை விவாதம் குறித்து

2022 ஆகஸ்டில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன், மத்திய அரசிடம் கல்விக்கடன் பெற்றோருக்குத் தலா 10,000 டாலர் வரையிலும், பெல் உதவித்தொகை பெற்ற எளிய குடும்பத்தினருக்கு 20,000 டாலர் வரையிலும் தள்ளுபடி அறிவித்தார். அதையொட்டி அங்குள்ள கிறிஸ்தவர்கள் வேதாகமத்தை முன்வைத்தே இரண்டு அணியானார்கள். ஆதரித்தவர்கள் மத்தேயு 20-இல் வரும் திராட்சைத்தோட்டக் கூலியாட்களின் உவமையைக் காட்டினார்கள். கடைசியில் வந்தவனும் முழுக்கூலி பெற்றான் அல்லவா? எதிர்த்தவர்கள் சங்கீதம் 37:21-ஐக் காட்டினார்கள். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன் துன்மார்க்கன். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அத்திட்டத்தைச் செல்லாதென்றது. திட்டம் போனது, அதன் அடியிலிருந்த அறக்கேள்வி அப்படியே இருக்கிறது.

இரு அணியும் எடுத்துக்கொண்ட பகுதிகள் இந்த வழக்கின் பாரத்தைத் தாங்கமாட்டா. உவமையின் தோட்ட உரிமையாளர் தம் சொந்தப் பணத்தைக் கொடுக்கிறார். அரசு கொடுப்பது வரிப்பணம். கல்லூரிக்கே போகாத தச்சரும் லாரி ஓட்டுநரும் அதில் பங்கு செலுத்துகிறார்கள். அவர்களுடைய ஆட்சேபத்தைப் பொறாமை என்று ஒதுக்குவது நேர்மையல்ல. சங்கீத வசனமோ பாதியில் வெட்டப்படுகிறது. அதன் மறுபாதி, நீதிமான் இரங்கிக் கொடுப்பதைச் சொல்கிறது. தர மனமில்லாதவனையும் தர வழியில்லாதவனையும் அது ஒன்றாக்கவும் இல்லை.

ஏழாண்டுக்கொருமுறை வரும் கடன் விடுதலையைச் சட்டமாகவே வகுத்துப் பேசும் பகுதி உபாகமம் 15. அது கடன் கொடுத்தவனை நோக்கிப் பேசுகிறது. கடன்பட்டவன் தன் தகுதியை நிரூபிக்க வேண்டுமென்று கேட்கவில்லை. ஏழாம் ஆண்டு நெருங்குகிறதென்று எண்ணி ஏழைக்குக் கடன் மறுக்காதே என்று ஒன்பதாம் வசனம் எச்சரிக்கிறது. விடுதலை உறுதியானால் கடன் கிடைப்பது அரிதாகும் என்ற இன்றைய பொருளாதார வாதம் அன்றே தெரிந்திருந்தது. பிற்காலத்தில் யூத அறிஞர் ஹில்லேல், கடன் பத்திரங்களை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து ஏழாம் ஆண்டுக்குப் பின்னும் வசூலிக்க வழிசெய்த 'புரோஸ்புல்' ஏற்பாடு பிறந்ததும் இதே நெருக்கடியிலிருந்துதான். அந்நியரை விலக்கிய அந்தப் பழஞ்சட்டத்தை அப்படியே இன்று பெயர்த்து நட முடியாது. ஆனால் எந்தக் கடனுக்கும் ஒரு முடிவு உண்டு என்ற அதன் அடிப்படை அறத்தைக் கிறிஸ்தவர் கைவிட முடியாது.

அமெரிக்கச் சட்டம் கைவிட்டது அதைத்தான். ஒரு காலத்தில் திவால் நீதிமன்றத்தில் மற்றக் கடன்களைப் போலவே கல்விக்கடனும் தீர்ந்தது. 1976-இன் திருத்தம் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அதைத் தடுத்தது. 1990-இல் அது ஏழு ஆண்டானது. விவிலியத்தின் எண்ணை யாரும் நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் அந்த அளவிலாவது கதவு திறந்திருந்தது. 1998-இல் கால வரம்பே நீக்கப்பட்டது. மிதமிஞ்சிய இன்னலை நீதிமன்றத்தில் நிரூபித்தால் மட்டுமே இப்போது விடுதலை. தொழிலில் நொடித்தவருக்குக் கிடைக்கும் மறுவாழ்வு, படித்து நொடித்தவருக்கு அரிதாகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் தவணை கட்டியும், வட்டி சேர்ந்து, வாங்கிய தொகைக்கும் மேலாகக் கடன் நிற்பவர்கள் பலர். ஒருமுறைத் தள்ளுபடியைவிட இந்த அடைபட்ட கதவே திருச்சபையின் முதல் கவலையாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவ்விவாதத்தில் திருச்சபை வெளியில் நிற்கும் நடுவர் அல்ல. கத்தோலிக்க, மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் பல்கலைக்கழகங்களின் கட்டண வருவாயிலும் இந்தக் கடன்பணம் இருக்கிறது. கல்விக்கடன் தீராதவர்களைத் துறவற சபைகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அத்தகைய அழைத்தல் உடையோருக்கு நிதி திரட்டவே லபூரே சொசைட்டி போன்ற அமைப்புகள் இயங்குகின்றன. நெகேமியா 5-இல் ஆளுநர் நெகேமியா, தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்தவர்களே என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகே மற்றவர்களிடமும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். அந்த வரிசை முக்கியம்.

2021-இல் ஜனநாயகக் கட்சியின் டர்பினும் குடியரசுக் கட்சியின் கார்னினும் செனட்டில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தனர். அதன்படி, பத்தாண்டுகளுக்குப் பின் மத்தியக் கல்விக்கடனைத் திவால் நீதிமன்றம் தீர்க்கலாம். கடன்பணத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் கல்லூரிகள் இழப்பில் ஒரு பகுதியை அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். தச்சரின் ஆட்சேபத்துக்கு இதில் ஓரளவு பதிலும் இருக்கிறது. மசோதா நிறைவேறவில்லை. தங்கள் பல்கலைக்கழகங்களும் அந்த இழப்பில் பங்கேற்கும் என்ற உறுதியோடு, அமெரிக்கத் திருச்சபைகள் அதற்காகக் காங்கிரஸிடம் வாதாட வேண்டும்.