பாலாற்றின் பாக்கி

வல்லக்கோட்டை முருகன் கோயிலிலிருந்து தெற்கே போனால் வாலாஜாபாத் பக்கம் பாலாறு வந்துவிடும். ஒரகடத்துக்குக் கார் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, இதே ஆற்றின் மேற்பகுதியில் ஆலைகள் பெருகிவிட்டன. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என வரிசையாகத் தோல் ஊர்கள். ஒரு ஆறு கெட்டால் யாரைக் கூண்டில் ஏற்றுவது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் விடை தேடியது இந்த ஊர்களின் கிணறுகளை வைத்தும்தான்.

தோல் பதனிடுதல் அங்கே பழைய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழியில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். 1970களில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலை அனுப்பச் சொன்னது. தோல் ஷாப்புகள் என்று அங்கே சொல்லப்படும் பதனிடும் ஆலைகள் குரோம் உப்புக்கு மாறின. குழி போய் டிரம் வந்தது. வாரக்கணக்கான வேலை நாள்கணக்கில் முடிந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனம் என்று பின்னாளில் உச்ச நீதிமன்றமே எழுதியது.

அந்தத் தண்ணீர் ஓடைக்கும் வயலுக்கும் ஆற்றுக்கும் போனது. பாலாற்றில் மேலே வெள்ளம் ஓடுவது அபூர்வம், மணலுக்கு அடியில்தான் ஊற்று. அதனால் இறங்கிய உப்பும் குரோமியமும் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கின. கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சிய நிலம் வெயிலில் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் போட்ட கணக்குப்படி, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிருந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வரும் முன்னே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. இன்று சட்டம் படிக்கும் எவரும் இந்த வழக்கைப் படிக்காமல் தேற முடியாது.

தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம். அது 2001 மார்ச்சில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை. கிணறும் நிலமும் போனவர்களுக்கு இது மிகக் குறைவு. 1998 டிசம்பர் வரையிலான சேதத்துக்கு மட்டுமே அந்தக் கணக்கு.

அபராதம் தோல் ஷாப்புகளோடு நின்றது. பல ஆண்டுகளாகவே கழிவைச் சுத்திகரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்றது மாநில அரசு தரப்பு. சொல்லியும் கேட்காதவர்களை ஆண்டுக்கணக்கில் இயங்க விட்டது யார்? ராணிப்பேட்டையில் அரசுப் பங்கோடு நடந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, 1990களின் நடுவில் மூடியபோது லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் வடியும். 2006இல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், தோல் ஷாப்புகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்கவென்று கட்டிய நிலையம் அது.

2025 ஜனவரி 30 அன்று பாலாறு மறுபடி உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, சேதம் சரியாகும்வரை மாசுபடுத்தியவர்களின் பொறுப்பு தீராது என்றது. ஈட்டுத்தொகை கிடைக்காதவர்களுக்கு அரசே ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க உத்தரவிட்டது. ஆற்றை மீட்கும் வழி சொல்ல, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. வழக்குப் போட்ட ஆண்டில் அந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது முப்பத்துமூன்று.