பிரார்த்தனைக்கு நாள் குறிப்பது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

அரசையும் மதத்தையும் பிரித்து வைத்த நாடு ஐக்கிய அமெரிக்கா என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஆனால் அங்கே ஒவ்வொரு வருடமும் மே மாத முதல் வியாழக்கிழமை தேசிய பிரார்த்தனை தினம். அது எப்படி வந்தது?

1775இல் பிரித்தானியாவுடன் யுத்தம் தொடங்கியதும், குடியேற்றங்களின் காங்கிரஸ் ஜூலை 20ஆம் திகதியை நோன்புக்கும் பிரார்த்தனைக்கும் ஒதுக்கியது. 1789இல் ஜனாதிபதி வொஷிங்டன் நன்றி செலுத்த ஒரு நாளை அறிவித்தார்.

1798இல் பிரான்சுடன் யுத்தம் வரும் போலிருந்தது. ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் மே 9ஐ நோன்பு நாளாக்கினார். பிரெஸ்பிட்டேரியன் சபையை அரச மதமாக்கப் போகிறார்கள் என்ற கதை பரவியது. மற்றச் சபையார் பயந்தார்கள். 1800 தேர்தலில் அடம்ஸ் தோற்றார். தன்னைப் பதவியிலிருந்து இறக்கியது அந்த நோன்பு நாள்தான் என்று 1812இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார்.

அடுத்து வந்த ஜெபர்சன் அப்படி ஒரு நாளை அறிவிக்கவே இல்லை. நோன்பும் பிரார்த்தனையும் மார்க்கக் கடமைகள், அவற்றுக்கு நேரம் குறிக்கும் உரிமை அந்தந்தச் சமயத்தவருக்கே என்பது 1808இல் அவர் கொடுத்த விளக்கம். ஜனாதிபதி வெறுமனே சிபாரிசு செய்தாலும், சேராதவன் ஊர் வாயில் குற்றவாளியாகிவிடுவான் என்றார்.

1832இல் கொலரா பரவியபோது நோன்பு நாள் கேட்டார்கள். ஜக்சன் மறுத்தார். பிரார்த்தனையில் நம்பிக்கை உள்ளவர்தான், ஆனால் அது தன் பதவியின் வேலை இல்லை என்றார். 1849இல் கொலரா திரும்பி வந்தது. அப்போதிருந்த ஜனாதிபதி டெய்லர் ஓகஸ்ட் மாத முதல் வெள்ளியை அறிவித்தார். ஒரே நோய், இரண்டு முடிவுகள்.

1952இல், கொரிய யுத்த காலத்தில், வருடாவருடம் ஒரு நாள் என்று சட்டம் வந்தது. 1988இல் அது மே முதல் வியாழனாக நிலைத்தது. 2010இல் ஒரு நீதிபதி அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்றார். வழக்காடிகளுக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்று 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. மூலக் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை.

அடம்ஸ் காலத்தில் பயந்தவர்களில் அதிகமானோர் கிறிஸ்தவர்களே. பிரார்த்தனை அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பெரியவனின் நாளில் சின்னவன் தலையாட்ட வேண்டி வருமோ என்பதுதான் பயம். சிறுபான்மையாக வாழும் நமக்கு அது விளங்கும். ஆனால் நாம் பெரும்பான்மையாக இருக்கும் பாடசாலையில், காலைக் கூட்டத்தில் கையேந்தி துஆக் கேட்கும்போது, வரிசையில் நிற்கும் ஒன்றிரண்டு மாற்றுமதப் பிள்ளைகளை யோசிக்கிறோமா?

ஆசிரியர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.